உப்புப் போட்ட ஐஸ்

குளச்சல் துறைமுகத்தில் ஐஸைப் பற்றி ஆன்ட்ரூஸிடம் வாய்கொடுத்துத் தப்பித்தவர் யாரும் இல்லை. எத்தனை நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கும் தங்கலுக்குப் போகிறோம் என்று விசைப்படகுக்காரர்கள் சொன்னால் போதும். எத்தனை பார் ஐஸ் ஏற்ற வேண்டும், அதில் எத்தனையை உடைத்துக் கொட்ட வேண்டும், எத்தனையை முழுசாகப் போட வேண்டும் என்று விரல் மடக்காமல் சொல்லிவிடுவார். எவனாவது "அவ்வளவு வேண்டாம்ணே" என்று இழுத்தால் முகம் மாறிவிடும். "கடலு ஒனக்கு, ஐஸ் எனக்கு. நான் ஒனக்க வலையப் பத்தி வாயத் தொறந்தேனாலே?" என்பார். கேட்காமல் போய் நாறிய மீனோடு திரும்பியவர்களின் கதை அவரிடம் வருஷவாரியாக இருக்கிறது.

இந்த வீறாப்புக்கு ஒரு காரணம் உண்டு. மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வள்ளத்தில் ஏறினால் வாந்தி. பத்தொன்பது வயதில் மூன்று தடவை போய், மூன்று தடவையும் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்து, நாலாவது தடவை அப்பனே வேண்டாம் என்று கரையில் இறக்கிவிட்டார். கடலோரத்தில் ஒரு ஆண்பிள்ளைக்கு அதைவிடக் கேவலம் வேறு கிடையாது. சொந்தக்காரன் கல்யாணத்தில்கூட முன்வரிசையில் உட்கார முடியாது. ஐஸ் கம்பெனியில் கேன் தூக்க ஆள் வேண்டும் என்றார்கள், போய்ச் சேர்ந்தார். முப்பத்தோரு வருஷம் ஆயிற்று. இப்போது அவர்தான் ஆபரேட்டர், அவரைக் கேட்காமல் அங்கே ஒரு குழாய் திறக்காது.

ஐஸ் கம்பெனிக்குள் போனால் பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர் நிற்கும். அதற்குள் வரிசையாகத் தகர கேன்களை இறக்கியிருப்பார்கள், கேனுக்குள் நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீர் லேசில் உறையாது. ஆனால் ஐஸையும்விடக் குளிர்ந்து நிற்கும். அந்தக் குளிரில்தான் கேனில் உள்ள நல்ல தண்ணீர் ஒரு நாளில் பாறையாகிறது. உப்புக்கு இப்படி ஒரு சக்தி இருப்பதைப் பார்த்து ஆன்ட்ரூஸ் முதல்நாள் பிரமித்தார், அந்தப் பிரமிப்பு வருஷங்கள் போயும் தீரவில்லை. படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் குளிரைப் பற்றித் தனக்குத் தெரியாதது பூமியில் ஒன்றும் இல்லை என்று நம்பினார்.

அவர் மனைவி ஜெஸ்பின் கருங்கல் ஊர்ச் சந்தையில் மீன் வெட்டுகிறவள். வெட்டியவள் என்று சொல்ல வேண்டும். பத்துக் கிலோ நெய்மீனை அவள் பலகையில் போட்டால், மீன் வாங்க வந்தவர்கள் பையை மறந்து அவள் கையைப் பார்த்து நிற்பார்கள். துண்டுக்குத் துண்டு ஒரே கனம். கத்திக்கும் கைக்கும் நடுவில் யோசனை என்று ஒன்று இருப்பதே தெரியாது. கல்யாணமான புதிதில் ஆன்ட்ரூஸ் லீவு போட்டுவிட்டுப் போய் ஒரு ஓரமாக நின்று பார்த்ததுண்டு. வீட்டில் இதைச் சொன்னால் சிரிப்பாள். "மீன் வெட்டுததப் பாக்க லீவு போட்ட மொதல் ஆளு நீருதான்" என்பாள். ஒரே மகன் ஜெனோ மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அப்பனுக்கு ஐஸ், மகனுக்கு ஏசி, நல்ல குளிர்ச்சியான குடும்பம் என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் ஜெஸ்பினால் விரல்களை மடக்க முடியவில்லை. பத்து மணிக்கு மேல் சரியானது. மறுநாளும் அப்படி. அப்புறம் இரண்டு கை மணிக்கட்டும் வீங்கின, முழங்கால் வீங்கிற்று. மூன்று மாதத்தில் கத்தி கையைவிட்டு நழுவி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் காலில் விழப் பார்த்தது. அன்றைக்குப் பலகையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவள் திரும்பப் போகவில்லை.

ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். அதோடு எல்லார் வாயிலும் ஒரே காரணமும் வந்தது: "வருஷக்கணக்கா ஐஸ் மீன்ல கைய வெச்சிருந்தா வாதம் வராம என்ன செய்யும்?" இது ஆன்ட்ரூஸின் நெஞ்சில் நேராகப் போய்க் குத்தியது. தன் கம்பெனியில் பிடித்த ஐஸ், தன் பெண்டாட்டியின் கையை முடக்கிவிட்டது என்கிறார்கள். "ஐஸ் ஒண்ணையும் கெடுக்காது, காக்கத்தான் செய்யும்" என்று தெருவில் நின்று சண்டை போட்டார். சண்டை போட்டாரே தவிர, உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் உட்கார்ந்துகொண்டது. அவள் வீங்கிய விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ தன்னைக் குற்றக்கூண்டில் ஏற்றி வைத்திருப்பதாகத் தோன்றும்.

ஒரு வர்ம ஆசானின் எண்ணெயில் மூன்று வருஷம் போயிற்று. எண்ணெய் நல்ல எண்ணெய்தான்; தடவின நேரம் இதமாக இருந்தது. மூட்டுக்குள் நடந்துகொண்டிருந்த காரியம் அது பாட்டுக்கு நடந்தது. கடைசியில் திருவனந்தபுரத்தில் இதற்கென்றே படித்த டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனார்கள். டாக்டர் ராஜகுமார், ஆரல்வாய்மொழிக்காரர். சொந்த மாவட்டக்காரர் என்றதும் ஆன்ட்ரூஸ் தைரியமாக வாயைத் திறந்தார். முதல் கேள்வியே, "டாக்டர், இது ஐஸினால வந்ததா?"

"ஐஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை" என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தைக்காக ஆன்ட்ரூஸ் அவர் காலில் விழுந்திருப்பார். டாக்டர் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். "இது முடக்குவாதம். நம்ம உடம்புல காவலுக்கு நிக்கிற செல்கள் ஒண்ணுக்கொண்ணு தகவல் அனுப்பும். அந்தத் தகவலைக் கொண்டு போறது சில புரதங்கள். கிருமி வந்திருக்கு, எல்லாரும் வாங்கன்னு கூப்பிடும். டி.என்.எஃப்.னு ஒண்ணு, ஐ.எல். ஆறுன்னு ஒண்ணு, இப்படி நிறைய. கிருமி போனதும் கூப்பாடு நிக்கணும். இவங்களுக்கு நிக்கலை. கிருமியே இல்லாம கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. வந்து சேருற காவல்காரங்க சொந்த மூட்டையே அரிக்கிறாங்க."

ஜெஸ்பினுக்குப் பாதி புரியவில்லை. திரும்பும் பஸ்ஸில் ஆன்ட்ரூஸ் தன் பாணியில் விளக்கினார். "போட்டுல வயர்லெஸ் செட்டு உண்டும்லா. ஒருத்தன் இஞ்ச மீனு கெடக்குன்னு கூப்பிட்டா மத்த போட்டெல்லாம் அங்க வந்து குமியும். ஒனக்கு ஒடம்புக்குள்ள எவனோ மீனே இல்லாத எடத்துல நின்னு கூப்பிட்டுக்கிட்டுக் கெடக்கான், கேட்டியா."

"நாலு வருசமாவா? அவனுக்குத் தொண்ட அடைக்காதா?"

"அடைக்கதுக்குத்தான் மருந்து."

மாத்திரைகள் இரண்டு வருஷம் சாப்பிட்டாள். வாரத்துக்கு ஒருநாள் சாப்பிடும் மாத்திரை அன்றைக்கு முழுக்கக் குமட்டும். வலி கொஞ்சம் குறைந்தது, வீக்கம் போகவில்லை, வலது கை விரல்கள் நாலும் சுண்டுவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கின. இன்னொரு வகை மாத்திரை உண்டு. ஜெனோ பிறந்த சமயம் அவளுக்குக் கால் நரம்பில் ரத்தம் உறைந்து கட்டியிருந்ததால், மறுபடி அப்படி ஆகிவிடுமோ என்று அதைக் கொடுக்க டாக்டர் பயந்தார். பிறகுதான் ஊசியைப் பற்றிச் சொன்னார். அதுவும் ஒரு புரதம், டி.என்.எஃப்.ஐப் போய்ப் பிடித்துக்கொண்டு, அதைக் கூப்பிட விடாமல் செய்யும். விலைக்கு வாங்கிப் போடுவது இவர்களால் ஆகாத காரியம். ஒரு அறக்கட்டளை இலவசமாகக் கொடுத்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று. ஆறு மாதத்தில் பன்னிரண்டு ஊசி. அதற்குள் வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால் மேலே தொடர்ந்து கொடுப்பார்கள். குறையாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

டாக்டர் இரண்டு கையையும் முழங்காலையும் ஒவ்வொரு மூட்டாக அமுக்கி எண்ணினார். வீங்கியது பதினான்கு. "ஏழாக்கணும்" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஏழு என்பதுதான் பேச்சு. ஏழானால் கத்தி பிடிக்க முடியுமா என்று ஜெஸ்பின் கேட்டாள். பெரிய மீன் முடியாது, சின்ன மீன் வெட்டலாம் என்றார் டாக்டர். சாளை வெட்டினால் போதும் என்று அவள் அங்கேயே அழுதுவிட்டாள்.

ஊசியை மாதத்துக்கு இரண்டாகக் கொடுப்பார்கள். நர்ஸ் ரெனிஷா ஒரு நீலப் பையில், பச்சைத் திரவம் அடைத்த ஒரு குளிர்ப்பொதியோடு வைத்துக் கொடுத்து, "அண்ணே, கூலிங் விட்டுடப்பிடாது, வீட்டுல போனதும் ஃப்ரிஜ்ஜில வைக்கணும், கேட்டியளா?" என்றாள். முன்னால் எழுபது பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஊசி குத்தும் விதத்தைக் காட்டிக்கொடுத்ததைத் தவிர அவள் சொன்னது அவ்வளவுதான். மீதி எல்லாம் மருந்து அட்டைப்பெட்டிக்குள் இருந்த தாளில் இங்கிலீஷில் பொடி எழுத்தில் இருந்தது. யார் படிப்பதற்காக அதை இங்கிலீஷில் அச்சடித்து மடித்து வைக்கிறார்களோ தெரியவில்லை. ஆன்ட்ரூஸ் அதைப் பத்திரமாக பைபிளுக்குள் வைத்தார்.

நீலப் பையைப் பார்த்து அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. குளச்சல்காரனுக்கு, அதுவும் ஐஸ் கம்பெனி ஆபரேட்டருக்கு, கூலிங் விடாமல் கொண்டுபோக இவள் ஒரு தண்ணிப் பை தருகிறாள். பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும், கூலிங் மருந்து என்று முன்பே கேட்டு ஊரிலிருந்து சுமந்து வந்திருந்த தெர்மோகோல் பெட்டியைத் திறந்தார். உள்ளே பொடித்த ஐஸ், அதன்மேல் இரண்டு கை கல்லுப்பு. ஊசி இரண்டையும் பாலிதீனில் சுற்றி, நடுவில் புதைத்து மூடினார். வீட்டில் ஃப்ரிஜ் இருந்தது. ஆனால் கரண்டு போகிற வீட்டு ஃப்ரிஜ்ஜை நம்பி இந்த மருந்தை விட அவருக்கு மனசில்லை. பெட்டியைக் கம்பெனியிலேயே தன் நாற்காலிக்குப் பின்னால் வைத்தார். ஷிப்டு மாறும்போது ஐஸை மாற்றினார், உப்பையும் மாற்றினார். லீவு நாளிலும் போய் மாற்றிவிட்டு வந்தார். உறக்கத்தில்கூட பெட்டி ஞாபகம்தான்.

ஊசி போடும் ஞாயிற்றுக்கிழமைகளில், காலைப் பூசை முடிந்து பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவருவார். எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக் குழலுக்குள் மருந்து வெள்ளையாகக் கட்டி நிற்கும். "எப்படிப் பிடிச்சிருக்கு பாத்தியா" என்று ஜெஸ்பினிடம் காட்டுவார், நல்ல பார் ஐஸைக் காட்டுகிற மாதிரியே. அரைமணி நேரம் வெளியே வைத்தால் இளகித் தெளிந்துவிடும். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, ரெனிஷா சொல்லிக்கொடுத்தபடி அவள் வயிற்றில் சதையைக் கிள்ளிப் பிடித்து மெதுவாக அழுத்துவார். அவள் கண்ணை மூடி ஒரு அருள்நிறை மரியே ஜெபம் சொல்லி முடிப்பாள்.

முதல் மாதம் விரல் லேசானதுபோல இருந்தது என்றாள். இருந்திருக்கலாம். நம்பிக்கை என்றாலே ஒரு சுகம்தான். இரண்டாம் மாதம் அப்படிச் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் ஜெபமாலை மணியை உருட்ட முடியாமல், விரல்விட்டு எண்ணவும் முடியாமல், உதட்டால் எண்ணினாள். நாலாம் மாதத்தில் ஒருநாள், "இந்த மருந்து எத்தனையோ பேருக்குக் கேக்குதாம். எனக்கு மட்டும் என்ன?" என்றாள். பிறகு அவளே பதிலும் சொன்னாள். "எனக்க ஒடம்பு சரியில்ல. நல்ல மருந்து வந்தாலும் ஏத்துக்கிடாத ஒடம்பு." ஆன்ட்ரூஸ் அவளைக் கடிந்துகொண்டார். அன்றைக்குப் பெட்டியில் உப்பை ஒரு கை கூடுதலாகப் போட்டார்.

ஆறாம் மாதம் பரிசோதனைக்குப் போனார்கள். பன்னிரண்டாவது ஊசி அன்றைக்குப் போட வேண்டியது. டாக்டர் முன்னாலேயே போட்டுவிடலாம் என்று ஆன்ட்ரூஸ் பெட்டியோடு கொண்டுபோயிருந்தார். டாக்டர் மூட்டுகளை அமுக்கி எண்ணினார். பதினைந்து. ஒருவேளை தவறாக எண்ணிவிட்டோமோ என்று இன்னொரு தடவை எண்ணினார். பதினைந்துதான். எக்ஸ்ரேயில் மணிக்கட்டு எலும்பின் ஓரங்கள் அரித்திருந்தன. ஜெஸ்பினை ரத்தம் எடுக்க அனுப்பினார்கள். ஆன்ட்ரூஸ் வெளியே பெஞ்சில் இருந்தார்.

அங்கே வந்த ரெனிஷா, "இன்னைக்கு உள்ள ஊசி கையில இருக்கா அண்ணே?" என்று கேட்டாள். அவர் பெட்டியைத் திறந்து காட்டினார். அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையோடுதான் காட்டினார். அவள் குழலை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் முகம் மாறிப்போயிற்று.

"இது உறைஞ்சு கல்லா இருக்கே. எப்பவும் இப்படித்தான் வெச்சியளா?"

"ஒரு நாள்கூட எளகவிட்டதில்ல மக்கா. உப்புப் போட்ட ஐஸாக்கும்."

ரெனிஷா பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனாள். பின்னால் அவரும் போனார்.

டாக்டர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. "அண்ணாச்சி, இது சாதாரண ரசாயன மருந்து இல்லை. புரதம். ரொம்ப நுணுக்கமா மடிஞ்சு மடிஞ்சு ஒரு வடிவத்துல இருக்கு. அந்த வடிவம் இருந்தாத்தான் டி.என்.எஃப்.ஐப் பிடிக்கும். குளிர்ல இருக்கணும், ஆனா உறையக் கூடாது. உறைஞ்சா வடிவம் கெட்டு ஒண்ணோட ஒண்ணு திரிஞ்சு கட்டிக்கும். இளகினதும் பார்க்கத் தெளிவாத்தான் இருக்கும். அவிச்ச முட்டையை ஆறவெச்சா பச்சை முட்டை ஆகாதில்லையா?"

முட்டை உதாரணம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. மீனை வீட்டு ஃப்ரீசரில் கல்லாக்கி வைப்பவர்களை முப்பது வருஷமாகத் திட்டுகிறவர் அவர். உறைந்து இளகிய மீனின் சதை செத்துக் குழைந்திருப்பதைத் தொட்டாலே சொல்லிவிடுவார். ஐஸில் வைக்கலாம், ஐஸாக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாய். மீன் விஷயத்தில் தெரிந்தது மருந்து விஷயத்தில் தெரியாமல் போயிற்று.

"புதுசா பன்னெண்டு ஊசி, டாக்டர். எப்படியாவது. இந்தத் தடவ நீங்க சொல்லுத மாதிரி."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அறக்கட்டளைக்காரங்க கொடுக்க மாட்டாங்க. கொடுத்தாலும் எனக்கு நம்பிக்கை இல்லை. இப்படித் திரிஞ்ச புரதம் திரும்பத் திரும்ப உள்ளே போனா, உடம்பு அதையே எதிரின்னு நினைச்சு எதிர்ப்பு உண்டாக்கிடலாம். அப்படி ஆயிருந்தா நல்ல ஊசி போட்டாலும் பிடிச்சு அழிச்சுடும். ஆயிருக்கும்னு உறுதியாச் சொல்லலை. ஆயிருக்கலாம். வேற புரதத்தைத் தடுக்கிற மருந்து இருக்கு. அது இந்தத் திட்டத்துல இல்லை. பழைய மாத்திரையையே கூட்டிப் பார்ப்போம். அரிச்ச எலும்பு இனி வளராது." கொஞ்சம் நிறுத்தி, "அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் டாக்டர்" என்றார் ஆன்ட்ரூஸ். "நான் சொல்லிக்கிடுதேன்."

சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தார். நிஜமாகவே நினைத்தார். பஸ் களியக்காவிளை தாண்டியதும் சொல்லலாம் என்று இருந்தார். மார்த்தாண்டம் வந்தது, தக்கலை வந்தது. ஜெஸ்பின்தான் பேசினாள். "நீரு வருத்தப்படாதயும். ஒம்மளப் போல எவன் பாத்திருப்பான்? கண்ணுல எண்ணெய விட்டுக்கிட்டுக் காத்தீரு. எனக்க ஒடம்புக்குத்தான் குடுத்துவைக்கல." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சொல்ல வந்ததை விழுங்கினார். ஒருமுறை விழுங்கிவிட்டால் அப்புறம் விழுங்குவது சுலபமாகிவிடுகிறது. இதுதான் இதில் உள்ள மோசம்.

நாலு மாதம் போயிற்று. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் ஜெஸ்பின் அதே கதையைச் சொன்னாள். புருஷன் பார்த்த பார்வை, ஐஸ், உப்பு, லீவு நாளிலும் போய் மாற்றியது. கடைசியில் தன் உடம்பைத் திட்டி முடிப்பாள். "பாவப்பட்ட ஒடம்பு. எந்தச் சாபமோ." ஜெனோ போனில் அழுதால் அவனுக்கும் இதே பதில். ஆன்ட்ரூஸ் அந்த நேரம் பார்த்து எழுந்து சாயா போடப் போவார். அவளுக்குப் போர்வையை இழுத்துவிடுவது, சோறு பிசைந்து கொடுப்பது எல்லாம் முன்பைவிட அதிகமாகச் செய்தார். அவள் அதையும் சேர்த்துப் பெருமையாகச் சொன்னாள். அவருக்கு வீட்டில் உட்காரவே பயமாக இருந்தது.

போன மாதம் ஒரு புதன்கிழமை, காலை ஷிப்டு முடிந்து வந்து மத்தியானம் படுத்திருந்தவர் பேச்சுக்குரல் கேட்டு எழுந்து வந்தார். கூடத்தில் அஜிஷா இருந்தாள். அடுத்த தெருப் பெண், முப்பது வயதுகூட ஆகவில்லை, புருஷன் செல்வன் கடலுக்குப் போயிருக்கிறான். அவளுக்கும் இதே முடக்குவாதம் என்று கேள்விப்பட்டிருந்தார். மடியில் ஒரு நீலப் பை.

"இஞ்சேரும், இவளுக்கும் அந்த ஊசி கெடச்சிருக்கு" என்றாள் ஜெஸ்பின். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். "கூலிங் விடாம வைக்கணும்னு சொன்னாங்களாம். நான் சொன்னேன், இதுல எங்க ஆளு மாதிரி வெவரம் உள்ளவரு இந்த மாவட்டத்துலயே கெடையாதுன்னு."

அப்போதுதான் தரையைப் பார்த்தார். பரணிலிருந்து அவருடைய தெர்மோகோல் பெட்டியை இறக்கியிருந்தார்கள். கம்பெனியிலிருந்து அஜிஷா பொடித்த ஐஸ் வாங்கி வந்து நிறைத்திருந்தாள். ஜெஸ்பின் மடங்காத உள்ளங்கையால் டப்பாவிலிருந்து கல்லுப்பைத் தள்ளித் தள்ளி ஐஸின்மேல் விழவைத்துக்கொண்டிருந்தாள். பாதி உப்பு தரையில் சிந்தியிருந்தது.

"தாளுல இங்கிலீஷ்ல என்னமோ போட்டிருக்கு மாமா. இன்னும் படிக்கல்ல" என்றாள் அஜிஷா. "மாமி சொன்னா பின்ன எதுக்குப் படிக்கணும்?" பாலிதீனில் சுற்றிய ஊசியை எடுத்து ஐஸில் குழி பறித்தாள்.

அஜிஷாவை வெளியே கூட்டிப்போய்த் தனியாகச் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவள் கிளம்பினதும் பின்னாலேயே போகலாம், தெருமுனையில் வைத்துச் சொல்லலாம், ஜெஸ்பினுக்குத் தெரிய வேண்டாம். அப்படி நினைத்ததை அவர் பின்னால் தன்னிடமே மறைத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஊசி ஐஸுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. குனிந்து அவள் கையோடு சேர்த்துப் பிடித்து வெளியே இழுத்தார்.

"வைக்காத பிள்ள. உப்பு ஐஸில வெச்சா இது செத்துப் போவும்."

அஜிஷா பயந்துபோய்ப் பார்த்தாள். ஜெஸ்பின் சிரித்தாள். "என்ன பேசுதீரு? நமக்க ஊசிய எல்லாம் இப்படித்தானே வெச்சீரு. அது செத்தா போச்சு?"

ஆன்ட்ரூஸ் நிமிர்ந்தார். கையில் அந்தப் பெண்ணின் ஊசி. ஜெஸ்பின் சிரித்த முகத்தோடே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

அவர் அஜிஷாவின் பக்கம் திரும்பி, ஊசியைத் துடைத்து, நீலப் பையில் பழையபடி வைத்தார். "வீட்டுல ஃப்ரிஜ்ஜில நடுத்தட்டுல வை. ஃப்ரீசர்ல வைக்கப்பிடாது, ஃப்ரீசருக்கு ஒட்டியும் வைக்கப்பிடாது. கரண்டு போனா கதவத் தொறக்காண்டாம். இப்பவே போ, மக்கா." அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

ஜெஸ்பின் தரையில் சிந்திய உப்பைப் பார்த்தாள்.

"எல்லா ஊசியுமா?"

"எல்லாம்."

"எப்போ தெரியும் ஒமக்கு?"

"ஆறாம் மாசம். நீ ரத்தம் குடுக்கப் போன நேரம்."

அவள் தலையாட்டினாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றார். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"உப்புப் போட்டது நீரு தெரியாமச் செஞ்சது. அத நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நாலு மாசமா எனக்க ஒடம்ப நானே பேசினேனே. மருந்த ஏத்துக்கிடாத ஒடம்பு, சாபம் பிடிச்ச ஒடம்புன்னு. வந்தவங்க போனவங்க, பெத்த பிள்ள, எல்லார்ட்டயும் சொன்னேன். பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீரு. அதுவும் தெரியாமயா?"

"இல்ல" என்றார் ஆன்ட்ரூஸ். "தெரிஞ்சுதான்."

அதற்குப் பிறகு அவள் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, இதுவரைக்கும் கேட்கவில்லை.